ஷாக்கிங் என்ற ஒரு சொல்லுக்காக ஒரத்தநாடு வரை

போன புரட்டாசியில் ஒரு புதன்கிழமை திருச்சியிலிருந்து ஒரத்தநாடு பக்கம் ஒரு கிராமத்துக்குப் போய்வந்தேன். கோயில் பார்க்க இல்லை. வெளிநாடு போகும் நர்ஸ்களுக்கு ஆன்லைனில் ஆங்கிலம் சொல்லித்தருவது என் தொழில். என்னிடம் படித்த வசந்தா அக்காவுக்கு ஒரே சொல்லால் வேலை போகும் நிலை.

அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவர். இங்கிலாந்தில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. படுக்கையிலேயே கிடந்த ஒரு மூதாட்டி எழுந்து நடந்ததும், அந்த மூதாட்டியின் மகளுக்கு அக்கா குறிப்பு அனுப்பியிருக்கிறார்: ‘உங்கள் அம்மாவின் முன்னேற்றம் ஷாக்கிங்.’ நல்லது நடந்தாலும் ‘ஷாக் ஆயிட்டேன்’ என்பவர்கள்தானே நாம். அங்கே ஷாக்கிங் என்றால் சகிக்க முடியாத அளவு மோசம் என்றுதான் முதலில் படும். அம்மா தேறியது இவருக்குப் பிடிக்கவில்லையா என்று மகள் புகார் கொடுத்துவிட்டார். லீவில் ஊர் வந்திருந்த அக்காவுக்கு, விசாரணை முடியும்வரை திரும்ப வேண்டாம் என்று மெயில் வந்தது. புதன் மதியம் மூன்று மணிக்கு வீடியோவில் விசாரணை. துணைக்கு ஒருவர் இருக்கலாமாம்.

காலை 7.10க்கு பஸ் ஏறினேன். தஞ்சாவூருக்கு ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து பட்டுக்கோட்டை பஸ். ஒரத்தநாடு இருபத்தைந்து கிலோமீட்டர்கூட இருக்காது, ஆனால் குறுவை அறுத்த நெல்லை ரோட்டிலேயே காயப்போட்டிருந்ததால் பஸ் ஒருபக்கமாக ஊர்ந்து ஒன்றேகால் மணி நேரம் எடுத்தது. உட்கார இடம் கிடைத்தது பாதி வழியில்தான். பையிலிருந்து என் பழைய பாடத்தாளை எடுத்துப் பார்த்தேன். ‘ஆச்சரியமான’ என்ற தலைப்பின் கீழ் சர்ப்ரைசிங், அமேசிங், அஸ்டானிஷிங், ஷாக்கிங். நான்கும் ஒரே வரியில். நானே டைப் செய்தது. அதற்கப்புறம் ஜன்னலுக்கு வெளியே எதையும் பார்த்த நினைவில்லை.

கடைசி ஆறு கிலோமீட்டருக்கு ஆட்டோ, 150 ரூபாய். அக்காவின் கணவர் குத்தகை நிலத்துக்கு அறுவடை மெஷின் வந்துவிட்டதென்று வாசலிலேயே சொல்லிவிட்டுக் கிளம்பினார். சாப்பிட்டுவிட்டு நானும் அக்காவும் உட்கார்ந்தோம். அமேசிங் என்று எழுதியிருந்தால் பிரச்சினையே இல்லை என்றேன். சர்ப்ரைசிங் என்றால்கூட, ‘இவர் தேறுவார் என்று நான் நினைக்கவில்லை’ என்ற தொனி வந்துவிடும். செய்தி சர்ப்ரைசிங், அதைக் கேட்ட நாம் சர்ப்ரைஸ்ட். எல்லாவற்றையும் அலசி, அஸ்டானிஷ்ட் வைத்து ஒரு பக்கம் விளக்கம் எழுதினோம். பிறகு பாடத்தாளைக் காட்டி, தப்பு என்னுடையது, விசாரணையில் அதை நானே சொல்கிறேன் என்றேன்.

அக்கா அதைப் பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்தார். “நீங்க பழியத் தூக்காதீங்க மிஸ். எழுதுனது என் கைதானே.”

மூன்று மணிக்குத் திரையில் இரண்டு அதிகாரிகளும் அந்த மகளும் வந்தார்கள். அக்கா எழுதியதை வாசிக்க ஆரம்பித்தார். நான்காவது வரியில் நிறுத்திவிட்டார். தாளைக் கீழே வைத்துவிட்டு, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பேசினார். உங்கள் அம்மா ஜன்னல் வரை நடந்தார், என் தோளைப் பிடித்துக்கொண்டு, பதினோரு அடி. நான் பாத்ரூமுக்குப் போய் அழுதேன். பிறகு வந்து தப்பான சொல்லை எழுதினேன்.

இன்று எழுதினால் என்ன எழுதுவீர்கள் என்று மகள் கேட்டார்.

“ஹாப்பி,” என்றார் அக்கா. “ஐ வாஸ் ஹாப்பி.”

அந்தப் பதினோரு அடியைத் தன்னிடம் யாரும் சொல்லவில்லை என்றார் மகள். ஒன்பது நாள் கழித்து முடிவு வந்தது. அக்கா வேலைக்குத் திரும்பலாம். ஆனால் மூன்று மாதத்துக்கு அவர் எழுதும் குறிப்புகளை இன்னொருவர் பார்த்த பிறகுதான் அனுப்ப வேண்டும். அது அவருக்கு வலித்தது. இருந்தாலும் இங்கிலாந்துக்குத் திரும்பிப் போய்விட்டார்.

அறுவடைக் காலத்தில் அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். திரும்புவதற்கும் ஆட்டோவை முன்பே பேசிவிடுங்கள். நான் பேசாமல் விட்டு இரண்டு கிலோமீட்டர் வெயிலில் நடந்தேன். பாடத்தாளைக் கிழித்துப் போட்டேன். இப்போது வகுப்பில் யாராவது அமேசிங் என்று எழுதினால், என்ன நடந்தது என்று கேட்டு அதை முதலில் எழுதச் சொல்கிறேன். எழுதி முடித்ததும் பாதிப் பேர் அந்தச் சொல்லை அவர்களே அடித்துவிடுகிறார்கள்.