அடைக்க முடியாத கதவு

பட்டாசு ஆலை வெடிவிபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவள் என் அக்கா. அவளுக்காக, வெம்பக்கோட்டை அருகே எங்கள் மானாவாரி நிலத்தில் படியே இல்லாத வீடு ஒன்றைத் திட்டமிட்டோம். யாரும் தூக்காமல் தானே கழிப்பறைக்குப் போய்க் கதவை அடைத்துக்கொள்ள வேண்டும். அவள் கேட்டது அது ஒன்றுதான்.

பட்டிமன்றங்களில் பரிசு வாங்கிய நானே வரைபடமும் வரைந்தேன். காலியாக நின்ற சக்கர நாற்காலியின் அகலத்தை அளந்து, கதவுகளை அதைவிடப் பெரிதாக வைத்தேன். தரையில் சுண்ணாம்புக் கோடு போட்ட அன்று கொத்தனார் சொன்னார்: "தம்பி, அக்காவ ஒருக்கா கூட்டியாங்க. கோட்டுக்குள்ள வண்டிய உருட்டிப் பாத்துருவோம்."

கரிசல் மண்ணில் சக்கரம் புதையும் என்றும், என் அளவுகள் பிழைபடா என்றும் பத்து நிமிடம் வாதிட்டேன்.

"மைக்கு மட்டுந்தான் இல்ல" என்று சிரித்துவிட்டு அவர் வேலையைத் தொடங்கினார்.

பால் காய்ச்சிய அன்று அக்கா கழிப்பறைக்குள் போனாள். அவள் பாதம் எதிர்ச்சுவரில் இடித்தது. பின்சக்கரங்கள் வாசலுக்கு வெளியே நின்றன. வண்டியைத் திருப்பவும் இடமில்லை.

"ஏலே, என்னைய உக்கார வச்சு அளந்தியா?" என்றாள்.

சுவரைத் தள்ளிக் கட்டலாமா என்று கொத்தனாரைக் கேட்டேன். "மேல்தளமே அதுமேலதான நிக்கு, தம்பி" என்றார்.

இப்போதெல்லாம் இத்தகைய வீடு கட்டுவோர் ஆலோசனை கேட்டால், நான் வரைபடத்தைப் பார்ப்பதில்லை. குடியிருக்கப்போகிறவரைச் சுண்ணாம்புக் கோட்டுக்குள் அழைத்துவரச் சொல்கிறேன். அக்காவுக்கு இனி அது உதவாது. கழிப்பறை வாசலில் சேலைத் திரை தொங்குகிறது. "யாரும் வராம பாத்துக்கோலே" என்கிறாள். நான் முதுகைக் காட்டிக் காவல் நிற்கிறேன்.