உள்ளே நின்றது யார்?

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு புதன்கிழமை காலை. கொக்குவில் புகையிரத நிலையத்துக்கு அருகிலுள்ள தேநீர்க் கடையில் நின்றிருந்தேன். ஒரு கையில் தேநீர், மறுகையில் வடை, கைபேசி சட்டைப் பையில். இதை வடிவாகக் கவனித்துக்கொள்ளுங்கள். அந்த வடை பிறகு எங்கே போனதென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தண்டவாளத்துக்கு மறுபக்கம், ஒரு வளவுக்குள் இருக்கும் வாடகை வீடுதான் எங்கள் மென்பொருள் நிறுவனம். ஐந்து பேர் வேலை செய்கிறோம். கடும் நோயாளரை வீடு தேடிப் போய்ப் பராமரிக்கும் தொண்டர் குழு ஒன்றுக்கு நாங்கள் ஒரு செயலி செய்து கொடுத்திருந்தோம். யாருக்கு என்ன நோய், என்ன மருந்து, வீடு எங்கே என்பதெல்லாம் அதில் இருக்கும். புற்றுநோயைப் பக்கத்து வீட்டுக்குக்கூடச் சொல்லாத குடும்பங்கள் எங்கள் ஊர்களில் நிறைய. கலியாணப் பேச்சு நடக்கும் வீடென்றால் சொல்லவே வேண்டாம். அதற்காகவே அந்தக் குழுவின் தாதியர் சீருடை போடாமல், யாரோ சொந்தக்காரர் போலப் போய் வருவார்கள்.

செயலி கிளவுட்டில், எங்கோ கண்காணாத சேவர் கணினியில் ஓடியது. அதற்கு ஒரு காவல் மென்பொருளைப் பொருத்தி வைத்தவர் என்னோடு வேலை செய்யும் பெண். என்னிலும் பதினைந்து வயது இளையவர். என்னை அண்ணை என்பார். மற்றக் காவல்கள் வாசல் படலையில் நின்று வருகிறவரைப் பார்க்கும். இது வீட்டுக்குள்ளேயே நிற்கும். வந்த விருந்தாளி கதிரையில் இருக்காமல் அலுமாரியைத் திறக்கத் திறப்பைத் தேடத் தொடங்கினால் சத்தம் போடும்.

அந்தச் சத்தத்துக்கு என் கைபேசியில் நாய் குரைப்பை வைத்தேன், அவரைச் சீண்டுவதற்காக. “தங்கச்சி, உம்மடை நாய்க்குச் சோறு வைச்சனீரோ?” என்று தினமும் கேட்பேன். உண்மையில் அது குரைத்ததெல்லாம் பெரும்பாலும் என்னைப் பார்த்துத்தான். முறைப்படி திருத்த அலுப்புப்பட்டு, ஓடிக்கொண்டிருக்கும் சேவருக்குள் நேரே புகுந்து கையால் மாற்றுவது என் பழக்கம். எனக்கும் திருடனுக்கும் அது எப்படி வித்தியாசம் காணும்? அப்படி நான் உள்ளே போட்டுவிட்டு வந்த ஏதோ ஒன்றால், தேவாலயத்தில் ஒரு அடக்க ஆராதனையின் நடுவே என் சட்டைப் பை மூன்று தரம் குரைத்தது. போதகர் ஜெபத்தை நிறுத்தினார். இறந்தவரின் மனைவி திரும்பிப் பார்த்தார். அன்றே அதன் வாயை அடைத்துவிட்டேன். தங்கச்சியிடம் சொல்லவில்லை.

அந்தப் புதன்கிழமை அவர் லீவு. அந்த வருடம் அடிக்கடி லீவு எடுத்தார். அதையும் நான் பகிடி பண்ணாமல் விட்டதில்லை. வடையைக் கடிக்கும்போது அவருடைய அழைப்பு வந்தது.

“அண்ணை, நீங்கள் உள்ளுக்கை ஏதும் செய்யிறியளோ?”

“இல்லைத் தங்கச்சி. நான் கடையிலை வடை தின்னுறன்.”

“அப்ப உள்ளுக்கை நிக்கிறது ஆர்?”

திரையைப் பார்த்தேன். பதினொரு எச்சரிக்கைகள், ஒன்றுகூட வாய் திறக்காமல் வரிசையாக இருந்தன.

ஓடினேன். தண்டவாளக் கடவையில் கேற் போட்டிருந்தது. முழு ரயிலும் ஆறுதலாக ஊர்ந்து போய் முடியும்வரை, கையில் கடைக்காரரின் தேநீர்க் குவளையோடு நின்றேன். எங்கள் கந்தோருக்குள் விழுந்தடித்து நுழைந்து, எல்லாவற்றையும் நிற்பாட்டப் போகிறேன், அழிக்கப் போகிறேன் என்று தொலைபேசியில் கத்தினேன்.

“கை வைக்காதையுங்கோ அண்ணை,” என்றார். “நிப்பாட்டினால், வீடுகளுக்குப் போயிருக்கிற நேர்ஸ்மாருக்கு மருந்தளவு தெரியாது. வந்தவன் என்னத்தைத் தொட்டவன் எண்டு எங்களுக்கும் தெரியாது. வெளியிலை போற வழியை மட்டும் அடையுங்கோ.”

அடைக்க உட்கார்ந்தேன். அவசரத்தில் கடவுச்சொல்லை மூன்று தரமும் பிழையாக அடித்தேன். கணினி என்னை வெளியே தள்ளிப் பூட்டியது. திருடன் உள்ளே, இருபது வருட அனுபவசாலி வெளியே. தங்கச்சி வீட்டிலிருந்தே தன் மடிக்கணினியைத் திறந்து அந்த வழியை அடைத்தார்.

மருந்துச் சிட்டையைப் படமெடுத்து ஏற்றும் இடத்தால், படம் போல வேஷம் போட்டுத் திருடன் வந்திருந்தான். அந்தப் பகுதியை எழுதியவன் நான். காவல் எழுதி வைத்திருந்த பதிவின்படி மூன்று பேரின் கோப்புகளைத் திறந்திருந்தான். ஒன்றையும் வெளியே கொண்டுபோக முடியவில்லை. பதிவு எனக்கும் மின்னஞ்சலில் வந்திருந்தது. கோப்பு இலக்கங்களையும் ஊர்களையும் நான் சத்தமாக வாசித்தேன், அவர் குறித்துக்கொண்டார். மூன்றாவதை வாசித்ததும் அவர் நிறுத்தினார்.

“அது எங்கடை அம்மா, அண்ணை.”

அப்போதுதான் அந்த லீவுகள் எனக்கு விளங்கின.

“என்ரை தங்கச்சியின்ரை கலியாணம் முடியுமட்டும் ஒருத்தருக்கும் தெரியக்கூடாது எண்டு சத்தியம் வாங்கினவ,” என்றார். “நீங்களும் சொல்லிப் போடாதையுங்கோ.”

நாயின் வாயை அடைத்தது நான்தான் என்று மட்டும் சொன்னேன். “தெரியும் அண்ணை,” என்றார். “அதுதான் நான் லீவிலையும் பாத்துக்கொண்டிருந்தனான்.”

நடந்ததைத் தொண்டர் குழுவிடமும் மற்ற இரண்டு குடும்பங்களிடமும் மறைக்காமல் சொன்னோம்.

மூன்று மாதம் கழித்துக் கலியாணத்துக்குப் போனேன். மணப்பெண்ணின் தாய் தலையைச் சேலைத் தலைப்பால் மூடியபடி முன்கதிரையில் இருந்தார். விசாரித்தவர்களுக்கு, குளிர் பிடித்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார். “ஓம், இந்த முறை குளிர் பொல்லாததுதான்,” என்று நானும் ஒத்தூதினேன். வெளியே நல்ல வெயில்.

இப்போது அந்த அம்மா இல்லை. மகளிடம் கேட்டு, அவர்களுடைய ஊரின் பெயரை விட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். நாய் மீண்டும் குரைக்கிறது, தேவாலயத்திலும்கூட. போதகர் என்னைக் கடைசி வரிசை வாங்குக்கு மாற்றிவிட்டார். அந்த நாளுக்குப் பிறகு, உள்ளே யாரோ ஒருவருடைய அம்மா படுத்திருக்கிறார் என்ற நினைப்பில்லாமல் நான் எந்தச் சேவரின் கதவையும் தொட்டதில்லை.