மைக் மணிவண்ணன் விழுங்கிய வரி

மணிவண்ணன் என்ற பேரை கிரிஜா முதன்முதலில் கேட்டது தெருவில் போன ஒலிபெருக்கியில்தான். ஜோலார்பேட்டையிலிருந்து கல்யாணமாகித் தெலுங்கு ஊரான மௌலா அலிக்கு வந்த மறுநாள் காலை அடுப்பில் பால் வைத்திருந்தாள். வாசலில் ஒரு குரல். போலியோ சொட்டு மருந்து, கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று தெலுங்கில் சொன்னது, இந்தியில் சொன்னது, கடைசியில் தமிழிலும் சொன்னது. "சொல்றது உங்க மைக் மணிவண்ணன்" என்று முடித்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனது.

"அந்தத் தமிழ் உனக்குத்தான்டி. இந்தத் தெருவுல வேற யாருக்கு?" என்றாள் மாமியார். "என் கொழுந்தன் மவன். உனக்கும் கொழுந்தன் முறை. புதுப்பொண்ணு வந்திருக்கான்னு வந்து கூவிட்டுப் போறான்." சிரித்துத் திரும்புவதற்குள் பால் பொங்கி வழிந்துவிட்டது.

அன்றிலிருந்து இன்றுவரை மணிவண்ணனின் தொழில் அதுதான். ஆட்டோவின் தலையில் ஒரு ஹார்ன் ஸ்பீக்கர், காலடியில் ஒரு பேட்டரி, கழுத்தில் துண்டு. கண் பரிசோதனை முகாம், ரத்ததானம், டெங்கு, சுகர், பி.பி. எது வந்தாலும் நாச்சாரத்திலிருந்து மௌலா அலி வரை சொல்வது அவர் வாய். பேச ஆரம்பிக்குமுன் மைக்கை நகத்தால் இரண்டு தட்டு தட்டுவார். பிறகு எல்லோரையும்போல ஹலோ சொல்லமாட்டார். "மௌலா அலி, சர்லபள்ளி, கட்கேசர், பீபிநகர்" என்று ஸ்டேஷன்களை வரிசையாகச் சொல்லிப் பார்ப்பார். அப்பா ரயில்வேயில் இருந்த பழக்கம். பீபிநகர் தெளிவாக விழுந்தால் சவுண்ட் சரி.

கையில் காகிதம் வைத்துக்கொள்வதில்லை. முகாம் நடத்துகிறவர்கள் ஒருமுறை வாசித்துக் காட்டினால் போதும், மூன்று மொழியிலும் வந்துவிடும். இப்போதெல்லாம் குரலைப் பதிந்து பென் டிரைவில் ஓடவிடுகிறார்கள். மணிவண்ணன் அதற்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. "பென் டிரைவை நிறுத்தி ஒரு கிழவி கேள்வி கேட்டா அது என்ன சொல்லும் அண்ணி? பே பேன்னு திரும்ப அதையே கூவும்" என்பார். வாய்க்குள் எப்போதும் வக்கபொடி இருக்கும். பேசும்போது அதைக் கன்னத்துக்கு ஒதுக்கிக்கொள்வார். பாக்குத்தூள் வாசனையும் டீசல் வாசனையும் சேர்ந்து வந்தால், கொழுந்தனார் தெருமுனைக்கு வந்துவிட்டார் என்று கிரிஜாவுக்குத் தெரியும்.

இந்த வருஷம் புற்றுநோய் முகாம். அதில் ஐந்து அடையாளம் சொல்லவேண்டும். கரையாத கட்டி, ஆறாத புண், காரணமில்லாத ரத்தப்போக்கு, முழுங்கமுடியாத தொண்டை, மூன்று வாரத்துக்கு மேல் கம்மிப்போன குரல். கிரிஜா மாடியில் துணி உலர்த்திக்கொண்டே, அவர் சொல்லச் சொல்ல விரலை மடக்குவாள். பயம்தான். ஒவ்வொரு விரலும் மடங்கும்போது தன் உடம்பில் அது இருக்கிறதா என்று ஒரு நொடி தேடிப் பார்ப்பாள். இல்லை என்றதும் அடுத்த விரல்.

ஒரு காலை நான்கு விரல்தான் மடங்கியது. கட்டைவிரல் நீட்டிக்கொண்டே நின்றது.

மறந்திருப்பார் என்று நினைத்தாள். தெருக்கோடிக்குப் போய்த் திரும்பிய ஆட்டோ மறுபடி சொன்னது. மறுபடியும் நான்கு. தெலுங்கில் நான்கு, இந்தியில் நான்கு. அப்போதுதான் அவள் வார்த்தையை விட்டுவிட்டுக் குரலைக் கேட்டாள். மணலில் இழுத்த தகரம்போல இருந்தது. பீபிநகர் தெளிவாக விழவில்லை. எத்தனை நாளாக விழவில்லை? ஈரப் புடவையைக் கொடியில் போட்டது போட்டபடி கீழே இறங்கினாள்.

"என்ன தம்பி, ஒண்ணை விட்டுட்டே?"

"எது அண்ணி?"

"குரலு."

"டைம் ஆவுது. சுருக்கிட்டேன்."

"சுருக்கறவன் கட்டியைச் சுருக்கியிருக்கலாமில்ல? அது ஏன் குரலு?"

மணிவண்ணன் மைக்கை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். மைக் அணைந்துதான் இருந்தது. "நக்கோ அண்ணி, வேணாம். அதை மட்டும் கேக்காதீங்க" என்றார். பாதி காற்றாகத்தான் வந்தது.

"ஹர்ஷிதாவுக்குத் தெரியுமா?"

மனைவி தவறிப்போனபிறகு அவருக்கு இருப்பது அந்த மகள் ஒருத்திதான். இங்கேயே படித்து, இங்கேயே ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். "தெரியும். 'அப்பா, ஒக்கசாரி சூபிச்சுகோ'ன்னு தெனம் தெலுங்குல உயிரை வாங்கறா. ஒருவாட்டி காட்டிக்கணுமாம். கம்பெனி இன்சூரன்ஸ்ல என் பேரு இருக்காம், பெரிய ஆஸ்பத்திரிக்கே போலாமாம்." அவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "அங்க பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க அண்ணி."

மற்றவர்களுக்கு அது புரியாது. கிரிஜாவுக்குப் புரிந்தது.

அவள் கணவர் சுப்பிரமணியம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தபோது, கீழே கூடத்தில் அவளோடு உட்கார்ந்திருந்தவர் இந்த மணிவண்ணன்தான். பளிங்குத் தரை, ஏசிக் குளிர். கூரையில் கைப்பிடி அளவு ஒலிபெருக்கி. முதலில் டிங் டாங் என்று மணி அடிக்கும். பிறகு இனிமையான பெண்குரல் நோயாளியோடு வந்தவரைத் தேடும்: "சுப்பிரமணியம் அட்டெண்டர், பில்லிங் கவுண்டருக்கு வரவும்." ஒவ்வொரு டிங் டாங்குக்கும் மணிவண்ணனின் தோள் தூக்கிப்போடும். பேர் வரக்கூடாது என்று இருவரும் வேண்டிக்கொள்வார்கள். நெடுநேரம் வராமலே இருந்தாலோ, மேலே ஏதோ ஆகிவிட்டது, இனிக் கட்டவேண்டியதில்லை போலிருக்கிறது என்று கூரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அரசாங்கத்தின் இலவச சிகிச்சைக் கார்டை நீட்டினார்கள். இந்த வியாதிக்கு இங்கே செல்லாது என்றார்கள். கிரிஜாவும் கணவரும் வாங்கியிருந்த குகட்பள்ளி வீடு பில்லுக்காக விலைபோயிற்று. கடைசியாக அந்தப் பேர் வந்தபோது கவுண்டருக்குக் கூப்பிடவில்லை. மேலே வரச் சொன்னார்கள்.

ஊருக்கெல்லாம் மைக்கில் கூவுகிற மனுஷன், அதற்குப் பிறகு டிங் டாங் சத்தம் கேட்டால் செத்துப்பிழைப்பார். ரயில்வே ஸ்டேஷனுக்குக்கூடத் தேவையில்லாமல் போவதில்லை.

"சாவுக்கு இல்ல அண்ணி பயம்" என்றார் மணிவண்ணன். "நீங்க வீட்டை வித்தீங்களே, அதேமாதிரி இன்சூரன்ஸ் தீந்ததும் அவளும் இருக்கறதை விப்பா. என்னை விடவே மாட்டா."

குகட்பள்ளி வீட்டுக்காக ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை என்று கிரிஜா கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிவந்தாள். அன்றைக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள்.

"எங்க அண்ணி?"

"நீ எங்க போறியோ அங்க."

மல்லாபூர் போனார்கள். ஷிஃப்ட் விடுகிற நேரம். ஒரு கம்பெனி வாசலில் பெண்கள் டிபன் பாக்ஸோடு நின்றார்கள். மணிவண்ணன் இரண்டு தட்டு தட்டி, நான்கு அடையாளத்தையும் சொல்லி, எல்லாப் பரிசோதனையும் இலவசம் என்று முடித்தார். சிவப்பு முக்காடு போட்ட ஒருத்தி ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "டெஸ்ட் ஃப்ரீ ஹை, பாயி. பாத் மே க்யா?"

டெஸ்ட் இலவசம். அப்புறம் என்ன?

பக்கத்தில் நின்றவள், "கார்டு இருக்குல்ல" என்று தெலுங்கில் சொன்னாள். "கார்டு இருக்கு, படுக்க பெட்டு இருக்கா?" என்றாள் இன்னொருத்தி. "எங்க மாமாவை அந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பிச்சு, இந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பிச்சு, வண்டியிலயே போயிட்டாரு" என்றாள் மூன்றாமவள். அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். வேறெப்படிச் சொல்வது என்று தெரியாத சிரிப்பு. முக்காடு போட்டவள் மட்டும் கம்பியை விடவில்லை. இன்னொரு கையை மாரோடு அழுத்தி வைத்திருந்தாள். முகாமுக்கு வழி கேட்கிறவள் கையை அங்கே வைத்துக்கொள்ளமாட்டாள் என்று கிரிஜா நினைத்தாள். முதல் விரல், கரையாத கட்டி.

கேள்விக்குப் பதில் சொல்லத்தான் பென் டிரைவ் வேண்டாம் என்ற மணிவண்ணன் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. பதில் இல்லாததாலா, குரல் இல்லாததாலா, தெரியவில்லை.

கிரிஜா அவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள். அவள் பிறந்ததிலிருந்து மைக்கில் பேசியதில்லை. வாய்க்கு ரொம்பப் பக்கத்தில் வைத்துக்கொண்டதால் மூச்சுத்தான் முதலில் தெருவெல்லாம் கேட்டது.

"அஞ்சாவது ஒண்ணு இருக்கு" என்றாள் தமிழில். "மூணு வாரத்துக்கு மேல குரல் கம்மியிருந்தா போய்க் காட்டணும். அப்புறம் என்னன்னு எனக்கும் தெரியாது. தெரியாதுன்னுதான் ஒக்காந்துக்கினு இருந்தா, அது உள்ள வளந்துக்கினே இருக்கும்."

கம்பெனி வாசலில் யாருக்கும் தமிழ் தெரியாது. ஒரே ஒருவர்தான் தெரிந்தவர். அவர் ஹேண்டில்பாரில் நெற்றியை வைத்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, மைக்கை வாங்கி, அந்தக் கரகரத்த குரலிலேயே ஐந்தாவதைத் தெலுங்கிலும் இந்தியிலும் சொன்னார். முக்காடு போட்டவளிடம், "நாளைக்கு முகாமுக்கு வாம்மா. நானும் வரிசையில நிக்கறேன்" என்று இந்தியில் சொன்னார்.

முகாமில் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்த டாக்டர் சிரிக்கவில்லை. சதை எடுத்துப் பார்க்கவேண்டும், பெரிய இடத்துக்குப் போங்கள் என்று எழுதிக்கொடுத்தார். ஹர்ஷிதா தனியார் ஆஸ்பத்திரிக்கு என்று பிடிவாதம் பிடித்தாள். மணிவண்ணன் முடியவே முடியாது என்றார். நடுவில் கிரிஜா ஒரு காரியம் செய்தாள். யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி, ஊருக்குள்ளிருக்கும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், தொண்டைப் பிரிவின் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, கூரையை மூலைக்கு மூலை பார்த்துவிட்டு வந்தாள்.

"ஸ்பீக்கர் கிடையாது தம்பி. ஒருத்தன் வாசல்ல நின்னு தொண்டைகிழிய கத்தறான்."

"நல்லா கத்தறானா?"

"உன் அளவுக்கு இல்ல."

மணிவண்ணன் சிரித்தார். தோள் மட்டும்தான் குலுங்கியது, சத்தம் வரவில்லை. அங்கே என்றால் போகலாம் என்று தலையை ஆட்டினார்.

சதை எடுத்தாயிற்று. இன்றைக்கு முடிவு சொல்கிறார்கள். தாழ்வாரம் முழுக்க ஜனம். தரையில் துப்பட்டா விரித்துப் படுத்திருக்கிறார்கள். பினாயில் நெடி. ஹர்ஷிதா லீவு போட்டுவிட்டு வந்து அப்பாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். இந்தப் பக்கம் கிரிஜா. ஒவ்வொரு பேருக்கும் ஒருவர் எழுந்து கதவுக்குள் போகிறார். போனவர்கள் வேறு வழியாக வெளியேறுவதால், எந்த முகத்தோடு திரும்புகிறார்கள் என்று தெரிவதில்லை.

"மணிவண்ணன்! மௌலா அலி மணிவண்ணன்!"

ஹர்ஷிதா அப்பாவைப் பார்த்தாள். கிரிஜா "இங்க" என்று சொல்ல வாயெடுத்தாள். மணிவண்ணன் வேண்டாம் என்று அவள் கையை அழுத்தினார். கதவருகே நின்றவன் மூன்றாம் தடவை கூப்பிட மூச்சு வாங்குகிறான். மணிவண்ணன் இப்போது அந்தத் தாழ்வாரத்தில், பச்சைப் பெயிண்ட் அடித்த பெஞ்சின் ஓரத்தில் இருக்கிறார். நகத்தால் பெஞ்சை இரண்டு தட்டு தட்டிவிட்டு, வலது கையைத் தூக்குகிறார்.