இரும்புத் தொப்பியும் மாடன் காடும்

தன் உயிரைக் காக்கிற ஒரு பொருளை, தன் மனிதர்களுக்காக ஒருவன் கழற்றி வைக்கலாமா? மாசானத்தின் வாழ்க்கை இந்தக் கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றி வந்தது. கேள்வி பெரிது போலத் தோன்றலாம். அவருக்கு அது ஒரு தோல் வார் அளவுக்குத்தான் இருந்தது. மோவாய்க்குக் கீழே இடது பக்கம் பூட்டுகிற வார்.

1946ஆம் வருஷம் பட்டாளத்திலிருந்து அவர் தூத்துக்குடிக்குத் திரும்பியபோது அந்தத் தொப்பியும் கூட வந்தது. கவிழ்த்த இரும்புச் சட்டி போன்ற உருவம், காதுகளையும் பிடரியையும் மூடுகிற தடித்த தோல். இத்தாலி தேசத்து மலைப் பாதைகளில் மோட்டார் சைக்கிளில் ராணுவத் தபால் கொண்டுபோன காலத்தில் தலையில் இருந்தது. அங்கே ஒரு நாள் முன்னால் போன சகாவின் வண்டிக்குக் குறுக்கே காட்டுப்பன்றி ஓடியது. சகா தூக்கி எறியப்பட்டுப் பாறையில் தலை மோத விழுந்தான். பிறகு எழுந்து உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். போரைப் பற்றி யாராவது கேட்டால் மாசானம் சொல்வது இந்த ஒன்றுதான். கேட்டவர்களுக்கு இது போதவில்லை. அவர்கள் பீரங்கியை எதிர்பார்த்தார்கள்.

உப்பு வியாபாரி அருணாசலவடிவு அண்ணாச்சி மதுரையில் நடந்த ராணுவ ஏலத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் எடுத்திருந்தார். ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டியிருந்தது. துறைமுகத்துக்குக் கப்பல் எப்போது வரும், எத்தனை தோணி உப்பு ஏற்ற வேண்டும் என்ற செய்தியை வேம்பார் உப்பளத்துக்குக் கொண்டுபோவது மாசானத்தின் வேலையாயிற்று. சித்திரை வெயிலிலும் அவர் தோல் கோட்டு, கையுறை, முழங்கால் உயரப் பூட்ஸ், இரும்புத் தொப்பி எல்லாவற்றோடும்தான் கிளம்புவார். கடற்கரை ரோட்டில் போகிறவர்கள் அவருக்குச் 'சட்டித்தலையன்' என்று பெயர் வைத்தார்கள். பெயர் அவர் காதுக்கும் வந்தது. காதைத் தோல் மூடியிருந்ததால் பாதிதான் வந்தது என்று அவரே ஒரு முறை சொன்னதாகக் கேள்வி. அவர் சொன்ன வேடிக்கைப் பேச்சு அநேகமாக அது ஒன்றுதான்.

தருவைக்குளத்தைத் தாண்டி வடக்கே போனால் ரோட்டின் இரு புறமும் உடைமரங்கள் அடர்ந்த உடங்காடு வரும். நடுவில் சுடலைமாடன் பீடம். காட்டின் தெற்கு விளிம்பில் ஒரு எல்லைக்கல், வடக்கு விளிம்பில் ஒரு எல்லைக்கல். இரண்டுக்கும் இடைப்பட்ட அரை மைல் சாமியின் இடம். அதற்குள் ஆண்கள் தலையை மூடிக்கொண்டு போகக் கூடாது. வண்டிக்காரர்கள் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார்கள். பஸ் கண்டக்டரும் தொப்பியை மடியில் வைத்துக்கொள்வார். அதே அரை மைலுக்குள் யாரும் துப்பாக்கி எடுப்பதில்லை, கண்ணி வைப்பதில்லை. அதனால் சுற்றுவட்டாரத்து வெளிமான்கள் அத்தனையும் அங்கேதான் அடைந்து கிடந்தன. காலையிலும் சாயங்காலத்திலும் ரோட்டைத் தாண்டி ஊருணிக்குப் போகும். ஒன்று தாண்டிவிட்டதே என்று நினைத்தால் பின்னாலேயே இன்னொன்று பாயும். நடந்து போகிறவனையும் மாட்டு வண்டிக்காரனையும் அவை ஒன்றும் செய்வதில்லை. பஸ்ஸுக்கு அவற்றால் சேதமில்லை. மோட்டார் சைக்கிள் அந்த ரோட்டுக்குப் புதிது.

காட்டின் வடக்கு விளிம்பை ஒட்டிய ஊரில்தான் மாசானம் பெண் எடுத்தார். இசக்கியம்மாளின் அண்ணன் மந்திரமூர்த்தி எல்லைக்கல் பக்கத்தில் பெட்டிக்கடை வைத்திருந்தார். மாடனுக்குக் கோமரத்தாடியும் அவர்தான். கோயில் கொடை விழாவில் சாமி இறங்குவது அவர் மேல்தான். தங்கை மாப்பிள்ளை தொப்பியோடு சாமி முன்னால் சீறிக்கொண்டு போவதை அந்தக் கடையிலிருந்து வாரத்தில் பல தடவை அவர் பார்க்க வேண்டியிருந்தது.

முதலில் தன்மையாகச் சொன்னார். பிறகு கொடை அன்று, சாமி வந்து நின்ற வேளையில், என் எல்லையில் தலை மூடிப் போகிறவன் வீட்டில் விளக்கு நிற்காது என்று அவர் வாய் சொன்னது. கூட்டத்தில் இசக்கியம்மாள் நின்றிருந்தாள். நிறைமாதம்.

குழந்தை பிறந்து ஒரு வாரம் கூடத் தங்கவில்லை.

இசக்கியம்மாள் சண்டை போடவில்லை. அவளுக்குச் சண்டை போடத் தெரியாது. அண்ணன் வீட்டுக்குக் கிளம்புகிற காலையில் அவள் ஒன்று மட்டும் கேட்டாள்.

"அந்த அர மைலுக்கு மட்டும் கழத்துங்கன்னுதான சொல்லுதேன். அதுகூட முடியாதா உங்களுக்கு?"

"அந்த அர மைலுலதாம்ளா மான் நிக்கி."

"நீங்க கழத்துன அன்னைக்கு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதன் பிறகு மாசானத்தின் வீட்டில் பேச்சு இல்லை. உப்பு ஆபீசில் செய்தியை வாங்குவார், வேம்பாரில் கொடுப்பார். இரண்டு இடத்திலும் நாலு வார்த்தைக்கு மேல் தேவைப்படவில்லை. வீட்டுக்கு வந்து தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டு அதற்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுவார். காட்டைத் தாண்டும்போது மந்திரமூர்த்தியின் வீட்டு முற்றத்தில் சேலை காய்வது தெரியும். எந்தச் சேலை என்பதும் தெரியும். அப்போதெல்லாம் அவர் கை மோவாய்க்குப் போகும். அந்த வார் ஒரு கையால் அவிழாது. வண்டியை நிறுத்தி இரண்டு கையையும் கொடுக்க வேண்டும். நிறுத்தினால் அவள் பார்ப்பாள். அவர் நிறுத்தவில்லை. இதை உறுதி என்று சொல்வதா, வீம்பு என்று சொல்வதா என்பது அவருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

பங்குனியில் ஒரு காலை. ஒரு பெண்மான் தாண்டியது. மாசானம் வேகத்தைக் குறைத்தார். அடுத்து முறுக்குக் கொம்போடு ஆண்மான் ஒன்று பக்கவாட்டில் பாய்ந்து வண்டியின் மேலேயே விழுந்தது. அவர் கண் விழித்தபோது மந்திரமூர்த்தியின் மடியில் தலை இருந்தது. காறை எலும்பு முறிந்திருந்தது. கையுறை கிழிந்து, உள்ளே உள்ளங்கை முழுசாக இருந்தது. தொப்பியின் வலது பக்கத்தில் ஒரு கொய்யாப்பழம் அடங்குகிற அளவுக்குக் குழி.

அந்தக் குழியை ஊர் முழுக்க வந்து பார்த்தது. மாடன் கை வைத்த இடம் என்றது. தொப்பி இல்லாவிட்டால் அந்தக் குழி எங்கே விழுந்திருக்கும் என்று மாசானம் நினைத்தார். ஒரே குழியைப் பார்த்து ஊரும் அவரும் தங்கள் தங்கள் பக்கம் நிரூபணமாகிவிட்டது என்று நம்பினார்கள். அத்தாட்சி என்பது பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கிறது.

எலும்பு கூடும் வரை வண்டி ஓட்ட ஆபீசில் வேலை பார்த்த பொன்னுதுரை முன்வந்தான். கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கிறிஸ்தவன், யாரோடும் சிரித்துப் பேசுகிறவன். மாசானம் அவனைக் கூப்பிட்டுத் தன் தொப்பியைக் கொடுத்தார். தானே வாரைப் பூட்டிவிட்டார்.

"பதினிக் கலயத்துக்குள்ள தலய விட்ட மாதிரி இருக்கு அண்ணாச்சி" என்றான் பொன்னுதுரை.

"இருக்கட்டும். காட்டுக்குள்ள மட்டும் கழத்திராத."

"உங்க மச்சான் சும்மா விடுவாராக்கும்?"

மச்சான் விடவில்லை. முதல் நாளே கடை வாசலில் நிறுத்திக் கலர் சோடா வாங்கிக் கொடுத்து, வேதக்காரரானாலும் இங்கே வழக்கம் இப்படி என்று பக்குவமாகச் சொன்னார். பொன்னுதுரைக்கு அதில் சங்கடம் ஒன்றுமில்லை. வேறொருவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவது போலத்தான் அவன் எடுத்துக்கொண்டான். எல்லைக்கல்லில் நிறுத்துவான், வாரை அவிழ்ப்பான், தொப்பியைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு காட்டைக் கடப்பான், மறு கல்லில் மாட்டிக்கொள்வான். ஊருக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போயிற்று. மாசானத்துக்கு இதெல்லாம் தெரியாது. காறை எலும்பில் கட்டோடு அவர் வீட்டில் இருந்தார். போய்ச் சொல்ல யாரும் இல்லை.

வைகாசியில் அது நடந்தது. பீடத்துக்குச் சற்றுத் தெற்கே, சாயங்காலம். மான் அடிபட்டுக்கூட விழவில்லை, ஓடிவிட்டது. பொன்னுதுரை ரோட்டோரத்தில், வெட்டிய பனையின் அடிக்கட்டையான பனங்குத்தியில் தலை மோதிக் கிடந்தான். தொப்பி கைப்பிடியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

அடக்கம் முடிந்த சில நாளில் அவன் மனைவி ஞானபாய் மாசானத்தின் வீட்டுக்கு வந்தாள். தொப்பியைத் துடைத்துத் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தாள். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"உங்க பழைய குழிதான் இருக்கு அண்ணாச்சி. நல்லாப் பாத்துட்டேன். புதுசா ஒரு கீறல் இல்ல" என்றாள்.

குற்றமாகச் சொல்லவில்லை. கொடுத்த பொருளைச் சேதமில்லாமல் திருப்பிக் கொடுக்கிறவர்கள் சொல்வது போலத்தான் சொன்னாள். அவள் போன பிறகு மாசானம் அதை ஆணியில் மாட்டவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அடுத்து வந்தவர் மந்திரமூர்த்தி. பஸ்ஸில் இறங்கி நடந்து வந்திருந்தார். கொஞ்ச நேரம் தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்.

"நாந்தான் அவன கழத்தச் சொன்னேன் மாப்பிள. சாமி சொல்லல்ல. அன்னைக்குக் கொடையும் இல்ல, ஒண்ணும் இல்ல. கலர வாங்கிக் குடுத்து நாந்தான் சொன்னேன்."

செம்பைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

"நீங்க இனி தொப்பியோடயே போங்க. ஒருத்தனும் கேக்க மாட்டான். சாமிகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்." எழுந்தவர் வாசலில் நின்று, "இசக்கியும் அதையேதான் சொல்லுதா. வந்து கூட்டிட்டுப் போங்க" என்றார்.

ஆக, அத்தனை நாள் எந்த ஒன்றுக்காக வீடு வெறிச்சென்று கிடந்ததோ, அந்த ஒன்று இப்போது அவர் பக்கமே முடிந்துவிட்டது. அவர் ஜெயித்தார் என்றுகூடச் சொல்லலாம். அன்று அவரைப் பார்த்த யாரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

எலும்பு கூடியதும் அண்ணாச்சியிடம் கேட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளிலேயே போனார். போகும்போது தொப்பியோடுதான் காட்டைக் கடந்தார். கடையிலிருந்தவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். மைத்துனர் வீட்டில் சாப்பிட்டார். இசக்கியம்மாள் ஒரு துணி மூட்டையோடு பின்னால் பக்கவாட்டில் உட்கார்ந்து அவர் தோல் கோட்டைப் பிடித்துக்கொண்டாள். இப்படி ஒரு பெண் வண்டியில் ஏறி அந்த ஊர் பார்த்ததில்லை. ஒரு கிழவர் மட்டும், "ஏளா இசக்கி, விட்டுராத, புடிச்சுக்கோ" என்றார். சிலர் சிரித்தார்கள். பல நாளுக்குப் பிறகு அந்தத் தெருவில் கேட்ட சிரிப்பு.

வடக்கு எல்லைக்கல் வந்ததும் மாசானம் வண்டியை நிறுத்தினார். இஞ்சினை அணைத்தார். அவளை இறங்கச் சொன்னார். கையுறைகளை உருவினார். இரண்டு கையையும் மோவாய்க்குக் கொண்டுபோய் வாரை அவிழ்த்தார். தொப்பியைக் கழற்றி இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். வேர்வையில் நனைந்த தலை வெயிலில் பளபளத்தது. பிறகு அந்தப் பெரிய ராணுவ வண்டியை, கூடி அதிக நாளாகாத தோளைக் கொடுத்துத் தள்ளத் தொடங்கினார்.

அரை மைலும் தள்ளினார். பீடத்துக்கு எதிரே நின்று கும்பிடவில்லை. பனங்குத்தியைத் தாண்டும்போது வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. வெளிமான்கள் இரண்டு ரோட்டின் நடுவில் நின்று அவர் வருவதைப் பார்த்துவிட்டு நிதானமாக இறங்கிப் போயின. இசக்கியம்மாள் மூட்டையோடு பின்னால் நடந்து வந்தாள். தெற்குக் கல் வந்ததும் அவர் தொப்பியை மாட்டி வாரைப் பூட்டினார்.

அப்போது அவள் கேட்டாள். "எதுக்கு? அண்ணந்தான் வேண்டாம்னுட்டானே."

"வண்டி சூடாயிட்டு" என்றார்.

அவள் குனிந்து இஞ்சினைத் தொட்டுப் பார்த்தாள். ஊருக்குள்ளிருந்து எல்லைக்கல் வரை மட்டுமே ஓடிய வண்டி. கையை எடுக்காமல் வைத்துக்கொள்ள முடிந்தது. ஏறி உட்கார்ந்து அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டாள்.

செய்தி தாமதமாகிறது என்று அண்ணாச்சி சத்தம் போட்டதுண்டு. மாடனுக்குப் பயந்துவிட்டான் என்றது ஊர். மானுக்குப் பயந்துவிட்டான் என்றது ஆபீஸ். ஞானபாய் என்ன நினைத்தாள் என்று யாரும் கேட்கவில்லை. வேம்பாருக்குப் போகும்போதும் வரும்போதும், அந்த வேலையில் இருந்த வரைக்கும், மாசானம் எல்லைக்கல்லில் இறங்கி, தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வண்டியைத் தள்ளினார்.