ஒரு சகோதரியின் காணிக்கை

என் அண்ணி அன்னபுஷ்பத்துக்கு எதற்கெடுத்தாலும் ஸ்தோத்திரம். கோழி முட்டையிட்டால் ஸ்தோத்திரம், ரேஷனில் மண்ணெண்ணெய் கிடைத்தால் ஸ்தோத்திரம், படப்பை பஸ் நின்றால் ஸ்தோத்திரம். நிற்காமல் போனால், நடக்கக் கால் கொடுத்தாரே என்று அதற்கும் ஒன்று. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"முட்டை போட்டது கோழி அண்ணி. அதுக்கு ஒரு வார்த்தை சொன்னியா?" என்பேன்.

"அதுக்குக் குருணை போட்டுட்டேனே" என்பாள். அவளோடு பேசி ஜெயிக்க முடியாது.

நான் அவளுக்கு நாத்தனார், கிரேசி. ஜெபதாஸ் என் கூடப்பிறந்த அண்ணன்; படப்பையில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தான். வல்லத்துக்கு உள்ளே ஏரிக்கரையை ஒட்டி எங்கள் ஊர். பாதிப் பேர் வேதக்காரர், கிறிஸ்தவர்கள். ஓடு போட்ட சின்னக் கோயில் ஒன்று. என்னை அதே ஊரில் இரண்டு வீடு தள்ளிக் கட்டிக்கொடுத்ததால் அண்ணியின் ஸ்தோத்திரங்களிலிருந்து எனக்கு விடுதலையே கிடைக்கவில்லை.

அவர்களுக்கு ஒரே பிள்ளை, சுகிர்தம். சரியான வாயாடி. அப்பன் கடைக்குப் போனால் அத்தனை சைக்கிள் மணியையும் அடித்து ஊரைக் கூட்டிவிடுவாள். எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. பிறந்தநாள் வரும் பிள்ளையின் பேரை ஆராதனையில் வாசிப்பார்கள். வசதி உள்ளவர்கள் உறையில் காணிக்கை போடுவார்கள். எங்களைப் போன்றவர்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துச் சேர்த்த அரிசியைக் கொண்டுபோவோம். பிள்ளை முன்னால் போய் முழங்காலில் நிற்கும். இத்தனை வயது முடிந்தது, இத்தனையாவது வயதில் கால் வைக்கிறது, காத்துக்கொள்ளும் என்று ஜெபம் செய்வார்கள். சுகிர்தம் தன் பேரை முழுசாக வாசிக்க விடமாட்டாள். அதற்குள் ஓடிப்போய் நிற்பாள். ஊரே சிரிக்கும்.

அறுபத்தெட்டு தை மாதம் அவளுக்குத் தொண்டை வீங்கி மூச்சு முட்டியது. அண்ணியைப் பின்னால் உட்காரவைத்து, மடியில் பிள்ளையைக் கிடத்தி, ஒரகடம் கூட்ரோடு வரைக்கும் அண்ணன் சைக்கிள் மிதித்தான். தாம்பரம் பஸ்ஸுக்கு நின்ற இடத்திலேயே பிள்ளை போய்விட்டது. பஸ் வந்தது. அவர்கள் ஏறவில்லை. அதே சைக்கிளில், அதே மாதிரி உட்கார்ந்து திரும்பி வந்தார்கள். ஐயோ, ஐந்து வயதுப் பிள்ளையை எடுத்துக்கொள்ளாவிட்டால் பரலோகத்தில் என்ன குறைந்துவிடும்? பாதிரிமார் யாரும் எனக்கு இதற்குப் பதில் சொன்னதில்லை.

அடக்கம் முடிந்து வந்ததும் அண்ணன் பிள்ளையின் சட்டைகளை மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டான். "அந்தப் பேர இனிமே இந்த வூட்டுல யாரும் எடுக்கக் கூடாது" என்றான். வாய்தவறிச் சொன்ன ஒரு சித்தி முன்னால் சோற்றுத் தட்டைச் சுவரில் அடித்தான். அதன்பிறகு ஊரில் ஒருவரும் சொல்லவில்லை. கோபத்துக்குப் பயந்து கொஞ்சம், பாவம் பார்த்துக் கொஞ்சம். அவனையும் குற்றம் சொல்ல முடியாது. தினமும் அந்தக் கூட்ரோட்டைத் தாண்டித்தான் அவன் கடைக்குப் போக வேண்டும்.

அண்ணி ஸ்தோத்திரம் சொல்வதை நிறுத்திவிட்டாள். சத்தம் போட்டு அழவில்லை, கடவுளைத் திட்டவில்லை, நிறுத்திவிட்டாள், அவ்வளவுதான். கோழி முட்டையிட்டால் எடுத்து வைப்பாள். பஸ் வந்தால் ஏறுவாள். கோயிலுக்கு வருவாள்; எல்லோரும் பாடும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். திட்டிக்கொண்டே இருந்த எனக்கு இப்போது திட்டுவதற்கும் ஒன்றும் இல்லை. வீடு பேயறைந்தது போலக் கிடந்தது. இரண்டு பேரும் ஒரே சட்டியில் ஆக்கியதைத் தின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் காலம் தள்ளினார்கள்.

ஐப்பசியில் சுகிர்தத்தின் பிறந்தநாள் வந்தது. அண்ணி பிடியரிசியைத் துணியில் கட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உபதேசியார் செல்வநாதன் வயதானவர், இளகின மனசு. அரிசியை வாங்கிக்கொண்டார். ஆராதனையில் "ஒரு சகோதரியின் ஸ்தோத்திர காணிக்கை" என்று மட்டும் வாசித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார். ஆண்கள் பக்கத்தில் அண்ணன் தலையைத் தூக்கவில்லை. அடுத்த வருஷமும் ஒரு சகோதரி. அதற்கடுத்த வருஷமும் ஒரு சகோதரி.

நாலாவது முறை வீட்டுக்குத் திரும்பும்போது அண்ணி வரப்பிலேயே நின்றுவிட்டாள்.

"எதுக்கு அண்ணி இந்த வேலை? மனசுல இல்லாத ஸ்தோத்திரத்த எதுக்குக் கொண்டுபோய்க் குடுக்கறே?" என்று கேட்டேவிட்டேன்.

"ஸ்தோத்திரமா? அதெல்லாம் செத்துப்போச்சுடி. அவ பேர ஒருவாட்டி யாராச்சும் சத்தமா சொல்லணும், நான் கேக்கணும். வூட்டுல கிடையாது, தெருவுல கிடையாது. கோயில்லயாவது சொல்லுவாங்கன்னு பார்த்தா, அங்கயும் ஒரு சகோதரின்றாங்க. பேர் வெச்சித்தானேடி ஞானஸ்நானம் குடுத்தாங்க? இப்படியே போனா எம்பொண்ணு பொறக்கவே இல்லன்னு ஆயிடும்."

அவள் கையைப் பிடித்து வீட்டுக்கு நடத்திக்கொண்டு வந்தேன்.

எழுபத்திரண்டில் செல்வநாதன் ஐயா வேலையை விட்டு மகனோடு வேலூருக்குப் போய்விட்டார். எங்கள் கோயிலையும் சேர்த்துப் பார்க்க ஒரு சின்ன வயது பாதிரியார் வந்தார், திருநெல்வேலிப் பக்கம்; பாதிரியாரை நாங்கள் ஐயர் என்போம். அந்த ஐப்பசி ஞாயிற்றுக்கிழமைதான் இரண்டாம் தடவையோ என்னவோ எங்கள் ஊருக்கு வருகிறார்.

"இந்த வருசம் பேரச் சொல்ல வெக்காம விடமாட்டேன்" என்றாள் அண்ணி.

"அண்ணன் சும்மா இருக்காது. கோயில்லயே எழுந்து கத்தும். அப்புறம் நீங்க ரெண்டு பேரும் ஒரு வூட்டுல வாழ முடியாது, பார்த்துக்க."

"இப்ப மட்டும் வாழறமா?"

மழையில் தொப்பலாக நனைந்து, மணியடித்த பிறகுதான் ஐயர் வந்து சேர்ந்தார். சைக்கிளை விட்டு இறங்கியவரிடம் அண்ணி அரிசியை நீட்டினாள். "எம்பொண்ணு சுகிர்தத்துக்குப் பொறந்த நாள் ஐயா" என்றாள். அவர் சிரித்தபடி வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். யாருக்கும் அவரிடம் எதையும் சொல்ல நேரமில்லை.

காணிக்கை நேரம் வந்தது. "ஜெபதாஸ், அன்னபுஷ்பம் தம்பதியருடைய மகள் சுகிர்தத்துக்கு இன்று பிறந்தநாள்" என்று கணீரென்று சொன்னார் ஐயர். "பாப்பா, முன்னால வாம்மா."

ஓட்டில் மழை விழுவது மட்டும் கேட்டது. நான் அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதில் சந்தோஷம் இருந்தது. பரிசு வாங்கப் போகும் பிள்ளையின் தாய் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

ஐயர் பாயில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் மேல் கண்ணை ஓட்டினார். "எங்க இருக்கா? வெக்கப்படுதாளோ? பயப்படாம வா தாயி" என்றார்.

பாவி மனுஷா, போதும் என்று கத்த வேண்டும் போலிருந்தது. அண்ணி எழுந்தாள். தனியாக நடந்துபோய் முழங்காலில் நின்றாள். ஐயர் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "பிள்ளைய எங்கம்மா?"

"கல்லறையில கீறா ஐயா" என்றாள் அண்ணி. "நீங்க ஜெபம் பண்ணுங்க."

ஐயரின் முகம் செத்துப்போயிற்று. அதே நேரம் ஆண்கள் பக்கம் அண்ணன் எழுந்துவிட்டான். கை முஷ்டி இறுகியிருந்தது. அவன் முன்னால் போவதைப் பார்த்து என் புருஷன் தடுக்கக் கை நீட்டினார். அண்ணன் அதைத் தட்டிவிட்டான். அவளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகப்போகிறான், எல்லாம் முடிந்தது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஐயர் பயந்துவிட்டார் போலிருக்கிறது. என்ன சொல்வதென்று தெரியாமல், எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்கிற கேள்வியையே கேட்டார். "எத்தன வயசும்மா?"

"அஞ்சு" என்றாள் அண்ணி.

"பத்து" என்று அவள் பின்னாலிருந்து அண்ணன் குரல் கேட்டது. "இன்னையோட பத்து முடியுது ஐயா. பதினொண்ணு ஆரம்பிக்குது. எம்பொண்ணு சுகிர்தத்துக்கு."

நான் கண்ணைத் திறந்தபோது அவன் முழங்காலில் இருந்தான்.

ஐயர் இரண்டு பேர் தலையிலும் கை வைத்தார். "சுகிர்தத்தைக் கொடுத்தீரே, அதற்காக" என்று ஆரம்பித்தவருக்கு அதற்குமேல் வரவில்லை. அந்த அரை ஜெபத்துக்கே ஊர் ஆமென் சொல்லிற்று. ஐந்து வருஷம் கழித்து அண்ணியின் உதடும் அசைந்தது. பிள்ளையை எடுத்துக்கொண்டது போதாதென்று கடவுளுக்கு இன்னும் எதற்கு ஆமென் என்று எனக்குள் ஒரு பக்கம் கொதித்தது. ஆனாலும் நானும் சொன்னேன்.

அண்ணி திரும்பி அண்ணனைப் பார்த்தாள். வெகுகாலம் கழித்து நேராகப் பார்த்தாள்.

"எண்ணிக்கினா இருந்தே?" என்றாள்.

"தெனம் அந்த ரோட்டுல போறேன். வேற இன்னா பண்றது அன்னம்?" என்றான் அவன்.