கனகேஸ்வரி கழற்றிய கீபோர்டுகள்

1988இல் பட்டர்வொர்த்தில் நடந்த ஒரு கல்யாணத்தில் ஜெயராஜின் கீபோர்டு மீது யாரோ ஒரு வாளி ரசத்தைக் கவிழ்த்துவிட்டார்கள். ஜெயராஜ் ஐந்து பேர் கொண்ட இசைக்குழு ஒன்றை நடத்திவந்தான். கீபோர்டு ஜப்பானில் செய்தது, மடியில் வைத்து வாசிக்கும் அளவுக்குச் சின்னது. அதிலிருந்த மைக் துளைக்கு நேரே எதையாவது சொன்னால் ஒரு விநாடி அளவுக்குப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு எந்தக் கட்டையை அழுத்தினாலும் அதே சத்தம், அந்தக் கட்டையின் சுருதியில் வரும்.

மறுநாள் அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு மேல்மாடி வீட்டுக் கனகேஸ்வரியிடம் வந்தான்.

"கடையில குடுக்க பயமா இருக்குக்கா. நீங்கதான் பேக்டரியில தினமும் இதையே பாக்கறீங்க. கொஞ்சம் பாருங்க லா."

கனகேஸ்வரிக்கு அப்போது முப்பத்தைந்து வயது. அப்பா ரயில்வே கிளார்க், அக்காமார் இருவரும் டீச்சர்கள். இவள் மட்டும் பரீட்சையில் கோட்டைவிட்டு, பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலையில் ஈயம் பற்றவைக்கும் வேலைக்குப் போனாள். உறவுக்காரர்கள் அதைப் பற்றிப் பேசாமலிருந்தே தங்கள் கருத்தைத் தெரிவித்தார்கள். பதின்மூன்று வருடத்தில் அவள் பழுதுபார்க்கும் மேசைக்கு உயர்ந்திருந்தாள். மற்றவர்கள் கைவிட்ட மின்சுற்றுப் பலகைகள் அவளிடம்தான் வரும்.

ஞாயிறு மத்தியானம் கீபோர்டைத் திறந்து, ஸ்பிரிட்டால் ரசத்தைத் துடைத்து, ஒட்டிக்கொண்ட கட்டைகளை விடுவித்தாள். பேட்டரி போட்டுச் சோதிக்கையில், கூடத்திலிருந்து கணவர் அப்புத்துரையின் குரல் வந்தது.

"தேத்தண்ணி போட்டாச்சோ?"

கீபோர்டு "தேத்தண்ணி"யை மட்டும் பிடித்துக்கொண்டது. கட்டையை அழுத்தினாள், சரியாகத்தான் ஒலித்தது. இன்னொரு கையின் ஈரவிரல் தற்செயலாகப் பலகையில் இரண்டு புள்ளிகளைத் தொட்டது. அப்புத்துரையின் குரல் கிணற்றுக்குள் விழுந்ததுபோல் இறங்கி, அடியில் போய்த் தவளைக் கூட்டமாகச் சிதறியது. விரலை எடுத்ததும் மறுபடி அப்புத்துரை.

கனகேஸ்வரி தேநீரை மறந்தாள். ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுப் பார்த்தாள். சத்தம் மாறிய இடங்களில் நகச்சாயத்தால் சிவப்புப் பொட்டு வைத்தாள். அடுத்த சனிக்கிழமை சூலியா தெருவுக்குப் பின்னால் இருந்த உதிரிபாகக் கடையில் ஐந்து குட்டி சுவிட்சுகளும் ரேடியோவில் இருப்பது போன்ற ஒரு திருகும் வாங்கினாள். சிவப்புப் பொட்டுகளைக் கம்பியால் இணைத்து, கீபோர்டின் விலாவில் துளைபோட்டு வரிசையாகப் பொருத்தினாள். உரியவனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஜெயராஜ் வந்து பார்த்தபோது அவன் முகம் கறுத்துப்போனது.

"ரிப்பேர் பண்ணத்தானேக்கா குடுத்தேன். இப்படி ஓட்டை போட்டு வச்சிருக்கீங்க?"

"சுவிட்சத் தொடாட்டி பழையபடியே வாசிக்கும் தம்பி. கேட்டிருக்கணும். தப்பு என்மேலதான்."

கீபோர்டைத் தூக்கிக்கொண்டு போனான். இரண்டு வாரம் படிக்கட்டில் கண்டாலும் பேசவில்லை. மூன்றாவது வாரம் கதவைத் தட்டினான். சுவிட்சுகளைக் கழற்றச் சொல்லத்தான் வந்திருக்கிறான் என்று அவள் நினைத்தாள்.

"நேத்து கல்யாணத்துல கை தெரியாம மூணாவது சுவிட்சுல பட்டுடுச்சுக்கா. புடிச்சு வச்சிருந்த விசில் சத்தம் பேய் மாதிரி வந்துச்சு. பெருசுங்க காதப் பொத்திக்கிட்டாங்க. ஆனா சின்னப்பசங்க முன்னால வந்து ஆடறாங்க, அத நிறுத்தவே விடல." தலையைச் சொறிந்தான். "அந்த மூணாவது சுவிட்ச மட்டும் கொஞ்சம் பெருசா வைக்க முடியுமா?"

அதன் பிறகு சுங்கைப் பட்டாணியிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் கீபோர்டுகள் வந்தன. எல்லாம் நல்லபடியாக முடியவில்லை. கூலிம் வேலுவின் கீபோர்டில் சிப்பின் தவறான இரு கால்களை இணைத்து, அதை ஒரேயடியாகக் கொன்றுவிட்டாள். பஸ் ஏறிக் கூலிமுக்கே போய் அவனிடம் நேரில் சொல்லி, தனக்கென்று வைத்திருந்த கீபோர்டைக் கொடுத்துவிட்டு வந்தாள். அன்றிரவு அவள் சாப்பிடவில்லை.

1992இல் தொழிற்சாலையின் ஆண்டு விருந்து. பக்கத்து மேசை ரோஹானா, கலைநிகழ்ச்சிப் பட்டியலில் கேட்காமலே அவள் பெயரை எழுதிவிட்டாள். கனகேஸ்வரிக்கு ஒரு பாட்டுக்கூட உருப்படியாக வாசிக்கத் தெரியாது. ஜெயராஜின் கீபோர்டை இரவல் வாங்கிக்கொண்டாள். தொழிற்சாலைக்குள் எதையும் பதிவுசெய்ய அனுமதியில்லை என்பதால், சின்ன டேப்ரெக்கார்டரோடு வாசல் பஸ் நிறுத்தத்தில் நின்றாள். ஷிப்ட் மணி, பஸ் பிரேக்கின் கிறீச், ரோஹானாவின் தும்மல் எல்லாம் டேப்பில் ஏறின. கீபோர்டை அணைத்தால் அது எல்லாவற்றையும் மறந்துவிடும். அதனால் மேடையிலேயே டேப்பைச் சன்னமாக ஓட்டி, கீபோர்டின் மைக்கில் பிடிக்க வேண்டியிருந்தது.

முதல் கட்டையை அழுத்தினாள். ஷிப்ட் மணி அடித்தது.

மண்டபத்தில் பாதிப் பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். சிலர் கைப்பையைக்கூட எடுத்துவிட்டார்கள். ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு எழுந்த சிரிப்பு அடங்குமுன் கனகேஸ்வரி சுவிட்சைத் தட்டித் திருகைத் திருப்பினாள். இத்தனை வருடம் அவர்களை எழுப்பியும் உட்காரவைத்தும் வந்த மணி சோம்பல் முறித்தது, ஊளையிட்டது, இரண்டு முறை விக்கிப் படுத்துக்கொண்டது. அடுத்து ரோஹானாவின் தும்மலை டேப்பிலிருந்து பிடித்துத் தாளமாகப் போட்டாள். நான்கு நிமிடம் மேசைகளைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

கீழே இறங்கியதும் மேலாளர் வந்தார். எங்கே பதிவு செய்தாய் என்று கேட்டார். பஸ் நிறுத்தத்தில் என்றாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, தானும் ஒருமுறை அழுத்திப் பார்க்கலாமா என்றார்.

விருந்துக்குக் கூட வந்திருந்த அப்புத்துரை, வீடு திரும்பும் பஸ்ஸில் ஜன்னலிலிருந்து அவள் பக்கம் திரும்பினார்.

"மணிச் சத்தத்துக்கு நானும் எழும்பிட்டன். நான் உங்கட பேக்டரி ஆளே இல்லை" என்றார். அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எட்டு வருடமாக அந்தச் சத்தங்களை இரைச்சல் என்றே சொல்லிவந்த மனிதர்... இல்லை, நான்கு வருடம்தான். அவளுக்கு எட்டாகத் தெரிந்தது.

1995இல் இருவரும் சேர்ந்து பெரிய கீபோர்டு ஒன்று வாங்கினார்கள், புத்தம் புதியது. பெட்டியைப் பிரித்த கையோடு அவள் அதைக் குப்புறப் போட்டு ஸ்குரூ டிரைவரை எடுத்தாள்.

"ஒரு வருஷம் கேரண்டி இருக்கெல்லோ. அதுவரைக்கும் பொறுக்க மாட்டீரோ?"

"ஒரு வருஷத்தில எனக்கு நாற்பத்து மூண்டு" என்றபடி அவள் முதல் திருகாணியைக் கழற்றினாள்.

அப்புத்துரை எழுந்து, மேசை விளக்கை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.