செங்கல்வராயனும் ஈர உப்பும்

செங்கல்வராயன் இறந்த செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் முனுசாமி. புதுவாயலிலிருந்து சைக்கிளில் வந்து, வாசலில் நின்றபடியே, "சார், நம்ம செங்கல்வராயன் சார் காலைல பூட்டாரு" என்றார். வலது கையில் மிச்சமிருக்கும் மூன்று விரல்களால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கையை என்னால் பார்க்க முடியவில்லை.

கும்மிடிப்பூண்டிப் பக்கம், இரும்புச் சாமான்களை உருகிய உப்பில் முக்கிப் பதப்படுத்தும் தொழிற்சாலையில் செங்கல்வராயனும் நானும் கெமிஸ்டுகள். ஒரே வயது, ஒரே மேஜை. அவனோடு பழகிய உங்களுக்கு அவனுடைய பல்பு வித்தை மறந்திருக்காது. பேட்டரியில் மாட்டிய பல்பின் கம்பி முனைகளைச் செம்புத் துண்டில் வைத்தால் பல்பு எரியும். "இதுல எலக்ட்ரான் யாருக்கும் சொந்தமில்ல, ஊர் சுத்திகினே இருக்கும்." மெழுகில் எரியாது. "இதுல ரெண்டு அணு பங்கு போட்டு இறுக்கி வெச்சிகினு கீது, வெளிய வுடாது." உப்புக்கல்லிலும் எரியாது. "எலக்ட்ரானக் குடுத்தவனும் வாங்கினவனும் ஒருத்தன ஒருத்தன் இழுத்துப் புடிச்சிகினு கீறாங்க. எடத்த வுட்டு நவுர மாட்டாங்க. உருகினா நவுருவாங்க, கரண்டு போவும். நனைஞ்சாலும் நவுருவாங்க." அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் இரண்டு தடவை சொல்லுவான்.

ஓர் ஐப்பசி மழைக்காலம். சுவிட்ச் போர்டின் மேல் உப்புத்தூள் சிந்திக் கிடந்தது. "தொடைச்சிடட்டா சார்?" என்று அங்கே வேலை பார்த்த முனுசாமி கேட்டார். எனக்கு அவசரம். "காய்ஞ்ச உப்புல கரண்டு போகாதுய்யா, வேலையப் பாரு" என்றேன். மழைக்காலத்தில் உப்பு நீர் விடும் என்பது சமையல் செய்யும் யாருக்கும் தெரியும். படித்த மேதாவிக்கு மறந்துவிட்டது. மத்தியானம் அவர் சுவிட்சில் கை வைத்தபோது அந்த ஈர உப்பு வழியாக மின்சாரம் பாய்ந்தது. இரண்டு விரல்கள் போயின.

விசாரணையில், என் பேச்சைக் கேட்டுத்தான் உப்பைத் துடைக்காமல் விட்டதாகச் சொன்னார் முனுசாமி. நான் அப்படிச் சொல்லவேயில்லை என்றேன். தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுத மேனேஜர் பேனாவைத் திறந்தார். எழுதியிருந்தால் முனுசாமியின் வேலை போயிருக்கும். செங்கல்வராயன் எழுந்தான். "சொன்னது நான் சார். வலியில அவனுக்கு ஆள் மாறித் தெரிஞ்சிருக்கும்" என்றான். முனுசாமி வேலையில் நீடித்தார். செங்கல்வராயனை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

கேட் வரைக்கும் கூடவே போய், "ஏன்டா?" என்று கேட்டேன்.

"நீயே சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தேன். அதுக்குள்ள அவன் பொழப்பு பூடும் போல இருந்துச்சிடா."

பிறகு என்னை எங்கே பார்த்தாலும், "முனுசாமி எப்டி கீறான்?" என்று மட்டும் கேட்பான். வேறு எதையும் கேட்டதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் தப்பு என்னுடையது என்று அவனிடம்கூட ஒப்புக்கொள்ளவில்லை.

அந்தத் தவறு அவனுடையது என்று இத்தனை நாளும் நீங்கள் நினைத்திருப்பீர்கள். என்னுடையது. நானே சொல்வேன் என்று அவன் காத்திருந்தான் என்பதுதான் அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது. தவறு என்னுடையது என்பதை முதலில் முனுசாமியிடம், அவர் செய்தி கொண்டுவந்த அன்று வாசலிலேயே சொன்னேன்.

"எனக்குத்தான் தெரியுமே சார்" என்றார் அவர். "அவராண்ட சொல்லியிருக்கலாமே."